மைக்கில் வாசிக்கப்படும் பெயர்

எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டில் சண்டை வந்தால், அது நகைக்காகவோ சாப்பாட்டுக்காகவோ வந்ததாக எனக்கு நினைவில்லை. பத்திரிகையில் பெயர் எத்தனையாவதாக வந்தது, வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்து அழைத்தார்களா இல்லை போனில் சொல்லி முடித்துவிட்டார்களா, தாய்மாமனுக்கு மாலை போடும் முன்பு வேறு யார் கழுத்திலாவது மாலை விழுந்துவிட்டதா, இவைதான் காரணங்கள். என் அம்மாவின் அக்கா கணவர், அதாவது என் பெரியப்பா, தன்னைவிட வயதில் சின்னவர் பெயர் தனக்கு மேலே அச்சாகிவிட்டது என்பதற்காக மண்டப வாசல் வரை வண்டியில் வந்து, இறங்காமலேயே திருப்பிக்கொண்டு போனவர். வராமலே இருந்திருக்கலாம். ஆனால் வராதவரை யார் கவனிப்பார்கள்? திரும்பிப் போவதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்றால் முதலில் வந்துதானே ஆக வேண்டும். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் இரண்டு பேர் பைக்கில் பின்னாலேயே போய், ஒத்தக்கடையில் ஒரு டீக்கடை முன்னால் அவரைப் பிடித்து, சமாதானம் பேசிக் கூட்டிவந்தார்கள். அப்படித் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இருந்த திருப்தி, பெயரை முதலிலேயே ஒழுங்காகப் போட்டிருந்தால் நிச்சயம் இருந்திருக்காது.

மதுரை டவுனுக்குள் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு இவையெல்லாம் மதிய சாப்பாட்டு நேரத்துச் சிரிப்புக் கதைகள். நானும் நன்றாகவே சொல்வேன். படித்தவர்கள், சம்பாதிக்கிறவர்கள் இப்படி வெட்டி கௌரவம் பார்ப்பதில்லை என்று எங்களுக்குள் ஓர் எண்ணம். (மீட்டிங்கில் தன்னை முதலில் பேசச் சொல்லவில்லை என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தவர்கள் அதே சாப்பாட்டு மேசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அது வேறு கதை.) இந்தக் கதைகளில் ஒன்றை மட்டும் சிரிப்பாகச் சொல்ல எனக்கு வரவில்லை. பல தடவை ஆரம்பித்துப் பார்த்துவிட்டேன், பாதியில் நின்றுவிடுகிறது.

நோட்டும் மைக்கும்

மேலூர் பக்கம் ஒரு காதணி விழா. மொய் மேசையில் இப்போது நோட்டுக்குப் பதில் லேப்டாப். பணத்தை எண்ணி வாங்கிப் போட ஒருவர், தட்டச்சு செய்ய ஒரு பையன், பக்கத்தில் ரசீது அடித்துத் தள்ளும் சின்ன மெஷின், பணமில்லாமல் வருகிறவர்களுக்கு ஸ்டாண்டில் சாய்த்து வைத்த கூகுள் பே அட்டை. எல்லாம் மாறிவிட்டது, மைக் மட்டும் மாறவில்லை. ஊர் பெயர், ஆள் பெயர், தொகை. இந்த வரிசையில் மைக்கில் ஒரு குரல் வாசித்துக்கொண்டே இருக்கிறது. நடுவில் பாட்டு, பிறகு மறுபடி ஊர், ஆள், தொகை. பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் காதில் விழாததுபோல் சாப்பிட்டுக்கொண்டே ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அன்றைக்கு அங்கே என் சித்தப்பா வந்திருந்தார். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஓர் அப்பார்ட்மெண்டில் ராத்திரி வாட்ச்மேன். தன் மகள் சடங்குக்கு அந்த வீட்டார் செய்த 3001-ஐ ஏற்றித் திருப்ப வேண்டும் என்று 5001 கொண்டுவந்திருந்தார். தெரிந்தவரிடம் மூணு வட்டிக்கு வாங்கிய பணம். இதை அவர் சொல்லவில்லை, அம்மா சொல்லித் தெரியும். ஐயாயிரத்துக்கு மூணு வட்டி என்றால் மாதம் 150 ரூபாய். பெரிய தொகையா என்று கேட்டால், யாருக்கு என்பதைப் பொறுத்தது.

வாசலில் வைத்தே அவரிடம் கேட்டேன். "சித்தப்பா, ரெண்டாயிரத்தைக் கவர்ல போட்டுப் புள்ள கையில குடுத்துட்டு வாங்க. மிச்சத்தை அடுத்த விசேஷத்துல பாத்துக்கலாம். யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாக பாப்பா. அதானே."

அந்த 'அதானே'யை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் போய் வரிசையில் நின்றார். பணத்தைக் கொடுத்தார், பெயரைச் சொன்னார், ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பந்தியைப் பார்த்து நடந்தார். பாதி தூரம் போயிருப்பார், மைக்கில் பெயர் வந்தது. இனிஷியல் தப்பு. அவர் ஊரில் அதே பெயரில் இன்னொருவர் இருக்கிறார், வாசிக்கப்பட்ட இனிஷியல் அந்த ஆளுடையது. ஒரு எழுத்தில் சித்தப்பாவின் 5001 வேறொருவர் கணக்குக்குப் போய்விட்டது.

திரும்பி வந்தார். தட்டச்சு செய்த பையன் நல்ல பையன். உடனே திருத்தி, புது ரசீது அடித்துக் கொடுத்து, "சரி பண்ணியாச்சுண்ணே, பாருங்க" என்றான்.

"மைக்குல?"

"அதான் கணக்குல ஏறிருச்சே."

"கணக்கு அவுகளுக்கு. மைக்கு எனக்கு."

சத்தமாகச் சொல்லவில்லை. பின்னால் நிற்பவர்களுக்கு வழிவிட்டு, மேசை ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டார். மைக்காரருக்கு முன்னால் ஏற்கெனவே வரிசையாகப் பெயர்கள் காத்திருந்தன. அவை எல்லாம் முடிய வேண்டும், அதற்குள் காது குத்தும் நேரம் வந்து தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துவிட்டார்கள், குழந்தை வீறிட்டது, எல்லோரும் மேடைப் பக்கம் போனார்கள். சித்தப்பா நகரவில்லை. ராத்திரி முழுக்க ஒரு கேட்டுக்கு முன்னால் நின்று பழகிய மனிதர், நிற்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை. கடைசியில் மைக்காரர், ரேடியோவில் சொல்வதுபோல "ஒரு திருத்தம்" என்று ஆரம்பித்து, ஊர், சரியான இனிஷியலோடு பெயர், ஐயாயிரத்து ஒண்ணு என்று வாசித்தார். அப்புறம்தான் சித்தப்பா கை கழுவப் போனார்.

மாட்டுத்தாவணி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே, வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அங்க எம்பது வீடு இருக்கு பாப்பா. பொங்கலுக்கு வேட்டி எல்லாம் குடுக்குறாக, கொறை சொல்லக் கூடாது. எம் பேரு ஒருத்தருக்கும் தெரியாது." அதோடு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

இதை வைத்துக்கொண்டு மொய் மைக் நல்லது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. அந்த மைக்கின் சத்தத்துக்குப் பயந்து வட்டிக்கு வாங்குகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பொண்டாட்டி கழுத்தில் கிடப்பதை அடகுக் கடையில் வைத்துவிட்டு, மண்டபத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்கிற ஆண்களையும் பார்த்திருக்கிறேன். நாலு பேர் முன்னால் ஒருவர் நிமிர்ந்து நிற்பதற்கான செலவை, அந்த நாலு பேர் பார்க்காத இடத்தில் யாரோ ஒருவர் கட்டுகிறார். பெரும்பாலும் அது ஒரு பெண். ஆனாலும் என் ஆபீஸ் சிநேகிதர்கள் சொல்வதுபோல இது வெறும் வீம்பு என்றும் என்னால் தள்ள முடியவில்லை. யோசிக்க யோசிக்க, மொய் மைக்குக்கு ஒரு நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. வந்த வரிசையில் வாசிக்கிறார்கள். பணக்காரர் என்று முன்னால் தள்ளி வாசிப்பதில்லை. 501 செய்தவருக்கும் 50,001 செய்தவருக்கும் அதே ஊர், அதே பெயர், அதே நாலு விநாடி. தொகை மட்டும்தான் வித்தியாசம். அந்தத் தொகையும் நாளைக்குத் திரும்பி வருகிற பணம்.

முதல் வெற்றிலை

கோயில் மரியாதை அப்படி இல்லை. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் மொய் மீது எனக்குக் கோபம் குறைந்தது. முதல் வெற்றிலை ஒன்றுதான் இருக்க முடியும். பரிவட்டம் முதலில் ஒரு தலையில்தான் கட்ட முடியும். இரண்டாவதாக வாங்குகிறவர் இரண்டாவது என்று ஊருக்குத் தெரிந்தால்தான் முதலாவதுக்கு மதிப்பு. வரிசையிலேயே இல்லாதவர்கள் எட்டி நின்று பார்த்தால்தான் இரண்டாவதுக்கும் மதிப்பு.

இதை ஊர்க்காரர்களின் சின்னத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டப் புத்தகத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. தமிழ்நாடு இந்து சமய அறநிலையங்கள் சட்டம், 1959-இன் 63-வது பிரிவு, ஒரு கோயிலில் வழக்கத்தின்படி ஒருவருக்கு மரியாதை பெறும் உரிமை உண்டா என்ற தகராறை அறநிலையத் துறையின் இணை ஆணையர் விசாரித்து முடிவு செய்யலாம் என்கிறது. முதல் தீர்த்தம் யாருக்கு என்று இரண்டு ஜீயர்கள் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1961-இல் தீர்ப்பானது. ஒரு பதவியோடு ஒட்டி வரும் மரியாதைக்காக வழக்குப் போடலாம், பதவி எதுவும் இல்லாத வெறும் மரியாதைக்காக சிவில் கோர்ட்டுக்கு வர முடியாது என்பது அதன் சாரம். 2004-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வந்த பிறகு தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சென்னைக்கு ரயில் ஏறும் வேலை மிச்சம். திருவிழாக் காலம் வந்தால் முதல் மரியாதை மனுக்களும் கூடவே வந்துவிடும். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் மரியாதை யாருக்கு, வடம் பிடிக்க யாருக்கு உரிமை என்ற தகராறில் சிக்கிப் பல வருஷம் நின்றுபோன தேர், 2024-இல்தான் அத்தனை போலீசுக்கு நடுவே ஓடியது.

என் அம்மா ஊரிலும் இப்படி ஒரு தகராறு நடந்தது. கரைக்காரர்களுக்குள், அதாவது கோயிலில் பங்குள்ள வம்சங்களுக்குள், வரிசைச் சண்டை வந்து, சில வருஷம் திருவிழாவே இல்லை. கடைசியில் அதிகாரிகளை வைத்துப் பேசி, தனி மரியாதை யாருக்கும் கிடையாது, பூசாரி எல்லோருக்கும் ஒரே மாதிரி விபூதி கொடுத்துவிட வேண்டும் என்று முடிவானது. கேட்பதற்கு எவ்வளவு அழகான தீர்வு! அந்த வருஷம் விபூதி வாங்க எந்தக் கரைக்காரர் பூசாரிக்கு வலது கைப் பக்கம் நிற்பது என்பதில் தள்ளுமுள்ளு. அடுத்த வருஷம் ஃபிளெக்ஸ் பேனரில் யார் படம் பெரிது என்பதில். மரியாதையை ஒழித்துவிட்டதாக நினைத்தோம், அது இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. முப்பது வருஷமாக வெற்றிலை வாங்கிய கை திடீரென்று சும்மா இருக்குமா?

ஜல்லிக்கட்டில் கவனித்திருப்பீர்கள். மாடு வாடிவாசலைத் தாண்டுவதற்குள் உரிமையாளர் ஊர், பெயர் மைக்கில் வந்துவிட வேண்டும். மாடு பிடிபடாமல் போனால் பரிசு. ஆனால் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டால், பரிசு வாங்கிய பிறகும் அந்த வீட்டில் அந்த வருஷம் முழுக்க அதே பேச்சுதான்.

குடையும் செருப்பும்

இது வரை நான் சொன்னதெல்லாம் ஏற்கெனவே சபைக்குள் இருப்பவர்களின் சண்டை. யார் முன்னால், யார் பின்னால் என்பது. சபைக்குள்ளேயே விடப்படாதவர்களின் கதையை இதோடு சேர்த்துப் பேசாமல் கௌரவத்தைப் பற்றி எங்கள் மாவட்டத்தில் யாரும் எதுவும் எழுதக் கூடாது என்று நினைக்கிறேன்.

1930-ஆம் வருஷம், பக்கத்து இராமநாதபுரத்தில், தலித் மக்கள் மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப் வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் மேல்துணி அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. இந்தப் பட்டியலை ஒரு தடவை பொறுமையாகப் படித்தால் ஒன்று விளங்கும். இதில் எதுவும் விதித்தவர்களுக்கு வருமானம் தருகிற விஷயமில்லை. ஒருவன் குடை பிடித்துக்கொண்டு போனால் அடுத்தவன் வயலில் விளைச்சல் குறைந்துவிடாது. குறைவது ஒன்றே ஒன்றுதான், தான் மட்டும் குடை பிடிப்பதால் இன்னொருவனுக்கு இருந்த மேல்நிலை. அது அவர்களுக்குக் குடிசையைக் கொளுத்துகிற அளவுக்குப் பெரிதாக இருந்தது.

பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலியும் அந்தக் குடை மாதிரிதான் ஆனது. 1996-இல் தலித்துகளுக்கான தனித் தொகுதியாக்கப்பட்ட, மேலூர் பக்கத்து மேலவளவில் தலைவரான முருகேசனும் உடன் இருந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று, மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு பஸ்ஸில் ஊர் திரும்பும்போது வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உசிலம்பட்டி பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் அதே 1996-லிருந்து பத்து வருஷம் தேர்தல் ஒழுங்காக நடக்கவே விடவில்லை. யாரும் மனு போட மாட்டார்கள், அப்படியே போட்டு ஜெயித்தாலும் மறுநாளே ராஜினாமா. 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. ஒரு பஞ்சாயத்துத் தலைவருக்கு அப்படி என்ன பெரிய அதிகாரம் இருந்துவிடப் போகிறது? தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி, நூறு நாள் வேலை வந்த பிறகு கொஞ்சம் கணக்கு. இதற்காகப் பத்து வருஷம் ஊருக்கு வரும் நிதியையே இழக்கத் துணிந்தார்கள் என்றால், பயம் அதிகாரத்தைப் பற்றியதில்லை. கிராம சபையில் அவர் உட்கார்ந்திருக்க மற்றவர்கள் நிற்க வேண்டும், அல்லது குறைந்தபட்சம் சரிக்குச் சரியாக உட்கார வேண்டும். பிரச்சினை அதுதான்.

வீட்டுப் பெண் யாரைக் கல்யாணம் செய்கிறாள் என்பதில் குடும்ப மானத்தைக் கொண்டுபோய் வைத்ததும் இதே கணக்கின் தொடர்ச்சி. வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காகக் கொல்லப்பட்ட தலித் இளைஞர் கோகுல்ராஜ் வழக்கில் 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனைத் தீர்ப்பு வந்தது இதே மதுரைக் கோர்ட்டில்தான். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன்: அந்தக் கௌரவத்தில் பெண்களான எங்களுக்குப் பங்கு கிடையாது. தூக்கிச் சுமக்க மட்டும் நாங்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் சிலர், கௌரவமே வேண்டாம், எளிமையாக இருந்துவிட்டுப் போவோம் என்கிறார்கள். உடனே கக்கனை உதாரணம் காட்டுவார்கள். மேலூர் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்தவர், 1939-இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர், பின்னால் உள்துறை அமைச்சர். பதவியெல்லாம் போன பிறகு மதுரை அரசு ஆஸ்பத்திரியின் சாதாரண வார்டில் படுத்துக் கிடந்தவரை, வேறொருவரைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர் தற்செயலாகத்தான் பார்த்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. கேட்டவுடன் நமக்குக் கண் கலங்கிவிடும். எனக்கு அந்தக் கதையில் எப்போதும் ஓர் இடம் உறுத்தும். நாம் அவருடைய எளிமையைப் புகழ்கிறோம், சரி. முதலமைச்சர் வந்து நிற்கும்வரை அந்த வார்டில் அவர் யாரென்று கேட்க ஓர் ஆள் இல்லாமல் போனதை ஏன் அவருடைய பெருமையில் சேர்க்கிறோம்? மரியாதையை வேண்டாம் என்று சொல்வது ஒரு பெரிய குணமாக இருக்கலாம். அதைக் கொடுக்காமல் இருக்க அது நமக்குச் சாக்கு ஆகாது. கொஞ்சம் கவனித்தால், எளிமையாக இருங்கள் என்ற அறிவுரை பெரும்பாலும் பெயர் தெரிந்தவர்களிடமிருந்து பெயர் தெரியாதவர்களுக்குத்தான் போகிறது.

ஆக, என் நிலை இப்போதைக்கு இது. நாலு பேர் முன்னால் பெயர் கேட்க வேண்டும் என்ற ஆசையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இன்னொருவர் பெயர் கேட்கக் கூடாது என்பதில்தான் எல்லா வெட்டும் குத்தும். சித்தப்பா காத்து நின்றது முதல் வகை. அவர் பெயர் சரியாக வாசிக்கப்பட்டதால் அந்த மண்டபத்தில் யாருக்கும் எதுவும் குறையவில்லை. அந்த 150 ரூபாய் வட்டி மட்டும் என் மனசை விட்டுப் போகவில்லை. 501 என்று வாசித்தாலும் அதே பெயர்தானே சித்தப்பா என்று ஒரு நாள் கேட்டேன். "அவுக 3001 செஞ்சாக" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகரவில்லை, இனி நகரும் என்றும் தோன்றவில்லை.

இதில் என் பங்குக்கு ஒன்று. அந்தக் காதணி விழாவில் என் சம்பளத்திலிருந்து நான்தான் மொய் செய்தேன். பணத்தை நீட்டியதும், "வீட்டுக்காரர் பேரு?" என்று பையன் கேட்டான். சொன்னேன். சென்னையில் உட்கார்ந்திருந்த என் கணவர் பெயர் மேலூர் மண்டபத்தில் கணீரென்று ஒலித்தது. சித்தப்பாவோடு பஸ்ஸில் வந்த பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக உறைக்க ஆரம்பித்தது. அடுத்து உறவில் ஒரு கல்யாணம் வந்தபோது, என் பெயரையே போடுங்கள் என்றேன். "போடுறேங்கா. ஆனா வீட்டுக்காரர் பேரும் இருந்தாத்தான் பின்னாடி தேடும்போது கிடைக்கும்" என்றான், வேறொரு மண்டபம், வேறொரு பையன். கடைசியில் என் பெயரும் அடைப்புக்குறிக்குள் அவர் பெயரும் என்று ஒத்துக்கொண்டோம். மைக்காரர் அடைப்புக்குறியை எல்லாம் பார்க்கவில்லை, என் பெயரை மட்டும் வாசித்துவிட்டார். பந்தியில் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. எனக்குப் பிடித்திருந்தது, மறைக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊரைப் போட்ட?"

வாக்கப்பட்ட ஊரைத்தான் போட்டிருந்தான், நானும் கவனிக்கவில்லை. "அப்ப செய்முறை உன் மாமியார் வீட்டுக் கணக்குல போயிரும்ல" என்றார் அம்மா. சரி, அடுத்த தடவை பிறந்த ஊரைப் போடச் சொல்கிறேன் என்றேன். "போட்டா உன் தம்பி தனியா செய்யலன்னு பேசுவாக." டவுனில் நாம் குடியிருக்கிற தெருவையே ஊராகப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தம்பிக்குப் போன் போடப் போய்விட்டார். தை மாதம் அவன் மகளுக்குக் காது குத்து வைத்திருக்கிறோம். பத்திரிகைக்கு இன்னும் பெயர் வரிசை முடிவாகவில்லை.